பென்ட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள்

மகளிடமிருந்து அழைப்பு வந்தபோது ஹில்கா சமையலறையில் சுவர்க்கோழிப் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் கால்சியம் பொடியோடு சேர்த்துக் குலுக்கினால் ஆறும் மாவில் புரட்டி எடுத்ததுபோல வெளுத்துவிடும். அப்புறம்தான் அவை பென்ட்டிக்குச் சாப்பாடு.

“அம்மா, ஜூலைல பத்து நாள் இங்க வந்து இரேன்,” என்றாள் ஹென்னா. கல்யாணமாகி அவள் கணவன் ஸிவெர்ட்டோடு நார்வேயில், பெர்கன் நகரத்தில் இருந்தாள். “ஸிவெர்ட் கப்பலுக்குப் போறான். தூவாவோட பாலர் பள்ளிக்கும் லீவு விட்டுடுவாங்க. நான் ஒருத்தியா என்னத்தப் பண்ணுவேன், சொல்லு?”

ஐந்து வருடத்தில் ஹென்னா ‘வா’ என்று கூப்பிட்டது இது இரண்டாவது முறை. முதல் முறை பேத்தி தூவா பிறந்தபோது. உடனே வருகிறேன் என்றுதான் ஹில்கா சொல்ல நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

“பென்ட்டி இருக்கானே.”

“பென்ட்டி யாரு?”

டப்பாவுக்குள் ஒரு பூச்சி துள்ளி மூடியில் மோதியது.

“உன் பச்சோந்திடி.”

“ஐயோ, அது இன்னுமா உயிரோட இருக்கு!” ஹென்னா சிரித்துவிட்டாள். “யார்கிட்டயாவது சாவியக் குடுத்துட்டு வாம்மா. அத்தனை வீடு இருக்கு, சாவி குடுக்க உனக்கு ஒரு ஆளு கூடவா கிடையாது?”

“ஏன் இல்லாம? நிறைய பேர் இருக்காங்க,” என்றாள் ஹில்கா.

போனை வைத்துவிட்டு டப்பாவோடு கூடத்துக்கு வந்தாள். கூண்டு கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் இருந்தது. ஆளுயரக் கம்பிவலைக் கூண்டு. உள்ளே ஒரு தொட்டிச் செடி, மேலே இரண்டு விளக்குகள். பென்ட்டி கிளையைப் பற்றிக்கொண்டு ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் டப்பாவையும் பார்த்தான். கல்லூரியில் படித்த காலத்தில் ஹென்னா வாங்கி வந்தவன் அவன். பெர்கனுக்குக் கிளம்பும்போது, “ரெண்டே மாசம்மா, வீடு பாத்ததும் எடுத்துட்டுப் போயிடறேன்” என்று விட்டுப்போனாள். கிழவர்களுக்கு வைக்கிற அந்தப் பெயரை வைத்ததும் அவள்தான்.

தம்பெரே நகரத்தில், நான்கு மாடிக் கட்டடம் அது. இருபத்து நான்கு கதவுகள். ஹில்கா அங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எல்லார் பெயரும் அவளுக்குத் தெரியும், கதவுகளில் எழுதியிருக்கிறதே. முகங்கள்தான் அவ்வளவாகத் தெரியாது. வெளியே கிளம்புமுன் கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பாள். நடையில் யாராவது இருந்தால் அவர்கள் போகும்வரை செருப்போடு உள்ளேயே நிற்பாள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதானே மரியாதை.

அதுவும் ஜூலை. ஊரே கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும் மாதம். ஹில்கா வேலை பார்த்த பள்ளிச் சமையலறை ஜூன் தொடக்கத்திலேயே மூடியாயிற்று. முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு, கோடை முழுக்க அவள் கேட்பது சுவர்க்கோழிகளின் சத்தம் மட்டும்தான். கூடவே சமைக்கும் ஸிஸ்கோவைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“எங்க குடில்ல கரண்டே கிடையாதுடி,” என்றாள் ஸிஸ்கோ. “விளக்கு இல்லாம அவன் செத்துருவானே. வேணும்னா கொண்டா, சவுனா குளியலறை அடுப்புக்குப் பக்கத்துல கட்டித் தொங்க விடறேன். சூடாவது கிடைக்கும்.”

செல்லப்பிராணிக் கடையில் ஆகஸ்ட் வரை இடமில்லை என்றார்கள். கீழே அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘பச்சோந்தி ஒன்றைப் பத்து நாள் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. காலை, மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும்.’ மூன்றாம் நாள் அதன் அடியில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘பூச்செடி என்றால் ஊற்றுவேன். பல்லி வேண்டாம்.’

அவள் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஹென்னாவுக்கு என்ன சொல்வது? வர முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பாள். சாவி கொடுக்க எனக்கு யாருமில்லை என்று பெற்ற பெண்ணிடம் எந்த அம்மாவால் சொல்ல முடியும்?

அன்று வியாழக்கிழமை. கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த சவுனா நீராவிக் குளியலறையில் வியாழன் ஏழு மணி அவளுடைய முறை. ஆறு மணி, எதிர்வீட்டுக் கியுருவுடையது. பட்டியலில் ஒன்பது வருடமாக அந்த இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அவர் எப்போதும் ஐந்து நிமிடம் முன்பே கிளம்பிவிடுவார், அவள் ஐந்து நிமிடம் தாமதித்து இறங்குவாள். அதனால் சந்தித்ததே இல்லை. ஆனால் அவர் போனபின் பலகைமேல், உடம்பில் தட்டிக் குளிக்கிற பிர்ச் இலை ஒன்றுகூட ஒட்டியிருக்காது. அடுப்புக் கற்கள் சூடு ஆறாமல் இருக்கும். ஆவிக்காகக் கற்கள்மேல் ஊற்றுகிற தண்ணீர் மர வாளியில் விளிம்புவரை நிறைந்திருக்கும், மேலே அகப்பை குறுக்காக வைத்திருக்கும்.

ஒன்பது வருடத்தில் ஒரு வியாழன்கூட அந்த வாளி காலியாக இருந்ததில்லை. அகப்பையைக் கையில் எடுத்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. தனக்குப் பின்னால் வருகிறவருக்குத் தண்ணீர் வைக்கிறவர்.

மறுநாள் கதவுக்குப் பின்னால் நின்று, நடையில் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். கேட்டதும், வழக்கத்துக்கு மாறாகக் கதவைத் திறந்தாள்.

கையில் குப்பைப் பையோடு நின்ற கியுரு திடுக்கிட்டுப்போனார். அறுபத்தைந்து வயதிருக்கும். உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த மனிதர்.

“மன்னிச்சுக்குங்க,” என்றார், எதற்கென்று தெரியாமலே.

“நான் ஹில்கா. வியாழன், ஏழு மணி.”

“ஓ.” அவர் முகம் தெளிந்தது. “என் பேரு ஓய்வா கியுரு. ஆறு மணி. அடுப்புல ஏதாவது கோளாறா?”

“இல்ல, இல்ல. ஒரு உதவி. உங்களுக்குப் பச்சோந்தி பிடிக்குமா?”

கியுரு குப்பைப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “இதுவரைக்கும் யாரும் என்னை இதக் கேட்டதில்ல.”

உள்ளே வந்து கூண்டின்முன் நின்றார். ஹில்கா மூன்று பக்கம் எழுதிவைத்திருந்ததைக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“கிண்ணத்துல வச்சா குடிக்காதா?”

“குடிக்க மாட்டான். இலைல தெளிக்கணும். இலைலேர்ந்து சொட்டற தண்ணியத்தான் நக்கிக் குடிப்பான்.”

“நேருக்கு நேர் கண்ணப் பாக்கக் கூடாது,” என்று அவர் தொடர்ந்து வாசித்தார். “பேசக் கூடாது. தொடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு மேல பக்கத்துல நிக்கக் கூடாது. ஏங்க, இது பச்சோந்தியா, இல்ல நம்ம ஊர் ஆளா?”

ஹில்கா சிரித்தாள். அந்தக் கூடத்தில் தன் சிரிப்பைக் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

“பேரு பென்ட்டி.”

“என் மச்சினன் பேரும் அதுதான். அவனும் இப்படித்தான், ஒரு கொம்பப் பிடிச்சுக்கிட்டு வாயத் திறக்காம உக்காந்திருப்பான்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “விவாகரத்து ஆகறதுக்கு முன்னால மச்சினனா இருந்தவன். இப்ப குடிலும் அவங்களோடது, ஜூலையும் அவங்களோடது. நான் இங்கதான் இருப்பேன். முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன். விதின்னா விதிப்படி செய்வேன், கவலப்படாதீங்க.”

மாற்றுச் சாவியை நீட்டினாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

பெர்கனில் பத்து நாளில் எட்டு நாள் மழை. ஹென்னா வேலைக்குப் போய்விடுவாள். மூன்று வயதுத் தூவா நார்வே மொழியில் என்னென்னவோ கேட்பாள். ஹில்கா ஃபின்னிஷில் பதில் சொல்வாள். இருவருக்கும் ஒன்றும் புரியாது. இரண்டாம் நாள் கைப்பேசியில் பென்ட்டியின் படத்தைக் காட்டியதும்தான் குழந்தை அவள் மடியில் ஏறியது. “பச்சை,” என்று ஹில்கா சொல்லிக்கொடுத்தாள். தூவா அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் பாட்டியின் கைப்பேசியைத் தட்டி, “பச்சை?” என்று கேட்பாள்.

கைப்பேசியில் கியுருவின் செய்தி வந்திருக்கும். ‘இரண்டு வேளையும் தெளித்தேன். ஏழு சொட்டு குடித்தான், எண்ணினேன். ஆறு பூச்சியும் காலி. பச்சை. உங்கள் ஜன்னலில் காலை வெயில் நன்றாக வருகிறது. என் பக்கம் வராது.’

“யாரும்மா அது?” ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஹென்னா கேட்டாள்.

“கியுரு. எதிர்வீடு.”

“நல்ல பழக்கமா?”

“ஒன்பது வருஷமாத் தெரியும்,” என்றாள் ஹில்கா. அது பொய்யில்லை.

“அப்பாடா.” ஹென்னா உருளைக்கிழங்கைப் பிசைந்து மகளின் தட்டில் வைத்தாள். “நீ அங்க ஒத்தையா இருக்கியோன்னு நினைச்சுட்டே இருப்பேன்மா. அதனாலதான் அடிக்கடி கூப்பிடறதும் இல்ல. கேட்டா மனசுக்குக் கஷ்டமாயிடும்னு.”

ஹில்கா தலையைக் குனிந்து சாப்பிட்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் மகளுக்குக் கஷ்டம். சொல்லாவிட்டால், இனி அவள் நினைத்துக்கொள்ளக்கூட மாட்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வந்த செய்தி நீளமாக இருந்தது. ‘கூண்டுக் கதவு கிறீச்சிட்டது. எண்ணெய் போட்டேன். அப்புறம் கொஞ்சம் அதிகமாகவே இருந்துவிட்டேன். முதல் நாளிலிருந்தே அதிகம்தான். இன்று கறுத்துவிட்டான். தவறு என்னுடையது. இனி விதிப்படி பத்து நிமிடம் மட்டும்.’

கதவு கிறீச்சிட்டதில் பயந்திருப்பான், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நிறம் திரும்பிவிடும், அது அவளுக்குத் தெரியும். ‘உங்களை அவன் பழகிக்கொள்வான். இருங்கள்,’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். ஓர் ஆண்பிள்ளையிடம், அதுவும் தன் வீட்டில், ‘இருங்கள்’ என்பதா? அவருக்குச் சங்கடமாக இருக்குமோ? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘சரி. நன்றி,’ என்று மட்டும் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வந்த செய்திகளில் மூன்றே சொற்கள் இருந்தன. ‘தண்ணீர். ஆறு. பச்சை.’ பூச்சி கொடுக்காத நாளில் இரண்டே சொற்கள். ஜன்னல் வெயிலைப் பற்றி அவர் மறுபடி எழுதவில்லை. ஹில்கா தினமும் அந்தச் சொற்களைத் தூவாவுக்கு வாசித்துக் காட்டினாள். குழந்தைக்குக் கடைசிச் சொல் போதுமாக இருந்தது.

விமான நிலையத்தில் ஹென்னா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “கிறிஸ்துமஸுக்கும் வாம்மா. அதான் சாவி குடுக்க ஆள் இருக்கே.”

பதினோராம் நாள் சாயங்காலம் ஹில்கா தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். கால்மிதியின்மேல் மாற்றுச் சாவி கிடந்தது. கதவில் தபால் போடும் பிளவு வழியாகக் கியுரு உள்ளே போட்டிருந்தார். அதைச் சுற்றி அவள் எழுதிக்கொடுத்த மூன்று பக்கங்கள், அழகாக மடித்து. கூண்டில் இலைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் வரும் நேரம் தெரிந்து, அதற்குமுன் வந்து தெளித்துவிட்டுப் போயிருக்கிறார், மணியடித்துச் சாவி கொடுக்கிற தொந்தரவு இருவருக்கும் வேண்டாம் என்று.

பென்ட்டி பச்சையாக இருந்தான். கூண்டுக் கதவைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

வீடு அவள் விட்டுப்போனபடியே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. சமையலறை நாற்காலி ஒன்று கூடத்தில் கிடந்தது. ஜன்னலைப் பார்த்து, கூண்டுக்கு முதுகு காட்டி. உட்கார்ந்தால் பென்ட்டியை நேருக்கு நேர் பார்க்க முடியாதபடி. ஹில்கா அதில் உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில் செய்தித்தாளிலிருந்து கிழித்த குறுக்கெழுத்துப் புதிர்கள் இருந்தன, அவர் எடுத்துப்போக மறந்தவை. எண்ணினாள். ஐந்து. நான்கு முழுக்க நிரப்பியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். ஐந்தாவது பாதியில் நின்றிருந்தது. ஆறாவது இல்லை.

‘சரி. நன்றி.’ அவள் அனுப்பிய இரண்டு சொற்கள்.

முதுகுப் பக்கம் பென்ட்டி கிளை மாறும் மெல்லிய சலசலப்புக் கேட்டது. ஐந்து நாள் அவர் இதைக் கேட்டபடி இங்கே உட்கார்ந்திருக்கிறார். யாரும் பேசவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் அறையில் இன்னொருவர் இருந்திருக்கிறார்.

அவர் நிரப்பிய சொற்களையெல்லாம் படித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு மேஜைமுன் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தை விரித்தாள். ‘பத்து நிமிடத்துக்கு மேல் பக்கத்தில் நிற்கக் கூடாது’ என்ற வரியைப் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தாள். வேறு ஏதாவது எழுதலாமா என்று யோசித்தாள். எழுதினால் அழித்துவிடுவாள் என்று தெரிந்ததால் எழுதவில்லை. பாதிப் புதிரையும் சாவியையும் அந்தத் தாளுக்குள் வைத்து மடித்தாள்.

கண்ணாடித் துளையில் பார்க்காமலே கதவைத் திறந்தாள். நடை வெறிச்சென்று இருந்தது. நான்கே எட்டில் எதிர்க் கதவு. உள்ளே வானொலியில் யாரோ வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணியை அழுத்தக் கை எழவில்லை. தபால் பிளவைத் தூக்கி உள்ளே போட்டாள். தாளைவிட்டு நழுவிய சாவி தரையில் விழுந்து, கட்டடம் முழுக்கக் கேட்பதுபோல ஒலித்தது.

வானொலி நின்றது.

இப்போது திரும்பினால் யாரும் பார்ப்பதற்குமுன் வீட்டுக்குள் போய்விடலாம். ஒன்பது வருடமாக அவளுக்குப் பழகிய வேகம் அது. உள்ளே தரையில் யாரோ குனிவதும், தாள் பிரிவதும் கேட்டன. ஹில்கா கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவர் கதவின் கண்ணாடித் துளையில் தெரியும்படி, அங்கேயே நின்றாள்.