வண்டியோடு போகும் எண்

காலை ஒன்பதரைக்குக் கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைப் பையன் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேலாளர் வந்துவிட்டார். முன்புறம் புதுக் கார்கள் பளபளத்தன. பின்னால், உதிரிபாகக் கிடங்கை ஒட்டிய அறையில், பதினேழு வருடத்து சர்வீஸ் ஃபைல்கள் கூரையை முட்டி நின்றன. மழை ஒழுகியதில் கீழ்வரிசை அட்டைகள் உப்பிப்போயிருந்தன. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்த ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி மேலாளரிடம் விட்டிருந்தார். இரண்டு கம்பெனிகள் கடைசிவரை வந்து, அவற்றின் மென்பொருள்கள் ஒரு மாதமாகச் சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்தன.

உண்மையில் மேலாளர் முடிவு செய்து நான்கு நாளாகிவிட்டது. முதல் கம்பெனியின் விற்பனையாளன் வீட்டுக்கே வந்து, "பொண்ணு காலேஜ் சேரப்போறாளாமே சார், மாமா கொடுத்ததா வச்சுக்கட்டும்" என்று மேசைமேல் ஒரு லேப்டாப்பை வைத்துவிட்டுப் போயிருந்தான். மகள் அன்றே அதன் மூடியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். மேலாளர் கெட்டவர் அல்ல. தினமும் வண்டியைக் கிளப்புமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்பவர். லேப்டாப் வந்த நாளிலிருந்து அந்த ஒரு நிமிடம் பாதியாகியிருந்தது.

"அக்கா, முதல் கம்பெனியே இருக்கட்டும். ஃபோன் நம்பரை அடிச்சா எல்லாம் வந்து விழுது" என்றார்.

ஃபைல் அறையைக் கவனித்துக்கொள்பவரை அங்கே எல்லோரும் ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஃபோன் நம்பர் ஆளோட போயிடும் சார். வண்டியிலேயே பொறிச்சிருக்கற சேசிஸ் நம்பர்தான் வண்டியோட போகும். ரெண்டாவது கம்பெனி அதை வச்சு அடுக்குறாங்க."

"வண்டியா நம்மகிட்ட வந்து பேசுது? ஆள்தானே பேசுறாரு?"

"நீங்களே மூணு தடவை நம்பர் மாத்திட்டீங்க சார். அடிச்சு அடிச்சு எழுதி என் டைரியில அந்தப் பக்கமே ஓட்டையாயிடுச்சு."

மேலாளர் சிரித்துவிட்டார். ஆனாலும் முதல் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில்தான் கார் தயாரிக்கும் தொழிற்சாலையிலிருந்து அவசரக் கடிதம் வந்தது. சில வண்டிகளில் பிரேக் குழாய் வெடிக்கலாம். உடனே வரவழைத்து மாற்றுங்கள். கீழே ஆறு சேசிஸ் எண்கள்.

கையெழுத்துக்காக வாசலில் காத்திருந்த அந்த விற்பனையாளன் துள்ளி முன்வந்தான். பழைய விற்பனை ரசீதில் ஃபோன் எண்களைத் தேடி எடுத்துத் தன் திரையில் தட்டினான். ஐந்து பேர் கிடைத்தார்கள். ஆறாவது ஆள், "அந்த வண்டியா? வித்து நாலு வருஷமாச்சுங்களே. புரோக்கர் மூலமா போச்சு, யாருன்னு தெரியாது" என்று வைத்துவிட்டார்.

"பரவாயில்ல சார். சிஸ்டத்துல 'தகவல் சொல்லியாச்சு'ன்னு பச்சை டிக் விழுந்துடுச்சு பாருங்க. உங்க மேல குத்தம் வராது."

மேலாளருக்கு அந்தப் பச்சை நிறம் உறுத்தியது. அதற்குள் ஃபைல் அக்கா இரண்டாவது கம்பெனியின் திரையில் சேசிஸ் எண்ணை அடித்திருந்தார். போன வருடம் அதே வண்டி இங்கேயே சர்வீசுக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். வேறு ஃபோன் எண்.

"அம்மா, வண்டியை எடுக்காதீங்க. எங்க இருக்கீங்களோ அங்கேயே இருங்க, ஆள் அனுப்பறோம்" என்று அக்கா அந்த எண்ணுக்கு ஃபோன் செய்து சொன்னார்.

மெக்கானிக் கழற்றிக் கொண்டுவந்த குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. எண்ணெய் கசிந்து ஈரமாயிருந்தது. மேலாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தானே ஷோரூம் வண்டியை எடுத்துப்போய், அந்த நர்ஸை அவர் போகவேண்டிய வீடுகளுக்கு அழைத்துச் சென்றார். படுக்கையில் கிடக்கும் மூன்று பேருக்கு அவர் தினமும் ஊசி போட வேண்டுமாம். மூன்று வீடும் மேட்டுச் சாலையில்.

"ரெண்டு நாளா பிரேக்கை மிதிச்சா உள்ள போற மாதிரி இருந்துச்சு சார். அலைஞ்சு அலைஞ்சு என் கால்தான் சோர்ந்துபோச்சுன்னு நினைச்சேன்" என்று நர்ஸ் சிரித்தார். இறங்கும்போது, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள மேலாளருக்குக் கூசியது.

மாலை வீட்டுக்குப் போனதும் மகளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் வாடியது.

"அந்த மாமா சந்தோஷமாத்தானேப்பா கொடுத்தாரு?"

"அவரு சந்தோஷமாத்தான் கொடுத்தாரும்மா. நானும் சந்தோஷமாத்தான் வாங்கினேன். அதுக்கு உயிரைக் கொடுக்க இருந்தது எங்களுக்கு யாருன்னே தெரியாத ஒரு பொண்ணு. இதுக்குப் பேரு அன்பளிப்பு இல்ல, லஞ்சம். அதை வாங்கும்போது, விலை கொடுக்கறவங்க முகம் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல. கடவுள் புண்ணியத்துல நான் இன்னைக்கு அந்த முகத்தைப் பார்த்துட்டேன்."

மகள் நகத்தால் நட்சத்திரத்தை மெல்லச் சுரண்டி எடுத்து, லேப்டாப்பைத் துணியால் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இப்பவே கொடுத்துட்டு வந்துடுங்கப்பா. நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிடும்."