நஜ்முன்னிசா ஒழித்த அறை

நஜ்முன்னிசாவுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. புதன்கிழமையிலிருந்து இதே பாடுதான். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வாசல் பக்கத்து அறைக்கு ஓடுவாள். அங்கே இரண்டு அட்டைப்பெட்டியை இழுத்து வெளியே போடுவதற்குள் இங்கே குழம்பு அடிப்பிடித்துவிடும். திட்டிக்கொண்டே ஓடி வருவாள். யாரைத் திட்டுகிறாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

திண்டுக்கல் பேகம்பூரில் அவர்கள் வீடு ஒன்றும் சின்ன வீடில்லை. ஆனால் அந்த வாசல் பக்கத்து அறைக்குள் ஆள் நுழைந்து வெகுநாளாகிவிட்டது. ஒரு காலத்தில் அது மகள் ஷமாவின் அறை. அவள் கல்யாணம் முடிந்து திருச்சிக்குப் போனதும், கேட்பதற்கு ஆளில்லை என்று மோப்பம் பிடித்த மாதிரி சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்துவிட்டன. முதலில் ஓரமாக உட்கார்ந்தன. பிறகு கட்டிலில் ஏறின. கடைசியில் ஜன்னலையே மறைத்துவிட்டன.

எல்லாம் மாதாமாதம் தானாக வந்து சேர்ந்தவை, அதுதான் கொடுமை. அவள் கணவர் மைதீன் பிச்சை தோல் மண்டி வைத்திருப்பவர். காலையில் இரண்டு பேப்பர், வாரத்துக்கு நாலு புத்தகம் என்று சந்தா கட்டியிருந்தார். ஒன்றையும் எடைக்குப் போட விடமாட்டார். கேட்டால், "ஆற அமரப் படிப்பேன்ல" என்பார். அந்த மனுசன் ஆறியதும் இல்லை, அமர்ந்ததும் இல்லை. போதாக்குறைக்குப் போனில் ஏதோ விளம்பரத்தைத் தட்டித் தொலைத்துவிட்டார். முதல் மாதம் இலவசம் என்று ஒரு அத்திப்பழப் பெட்டி வந்தது. அதன்பிறகு மாதாமாதம் பெட்டி வந்தது, கூடவே ஓசியாக ஒரு கண்ணாடி பாட்டிலும் வந்தது. பழத்தைத் தின்றுவிடலாம். அம்புட்டு பாட்டிலை என்ன செய்வது?

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய தலைவலி பாத்திரச் சீட்டுதான். மைதீன் பிச்சையின் அக்கா கமர்ஜஹான், ஷமா 'குப்பி' என்று கூப்பிடுகிற அத்தை, அந்தத் தெருவில் சீட்டு நடத்துகிறாள். மாதம் பிறந்தால் சீட்டுக் காசைக் கொடுக்க வேண்டும், மாதம் முடிவதற்குள் ஒரு பாத்திரம் வீடு தேடி வந்துவிடும். ஷமா பள்ளிக்கூடம் போகும்போதே அவள் சீருக்கென்று நஜ்முன்னிசா சேர்ந்த சீட்டு. கல்யாணத்தன்று அண்டாவும் குண்டாவும் லாரி ஏறித் திருச்சிக்குப் போய்விட்டன. சீட்டு மட்டும் நிற்கவில்லை. நாத்தனாரிடம் போய், "போதும் மதினி, நிறுத்திக்கங்க" என்று எந்த வீட்டு மருமகள் சொல்லியிருக்கிறாள்? இவளும் சொல்லவில்லை. பெண்ணே இல்லாத வீட்டில் சீர் பாத்திரம் வந்து குவிந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் ஷமா போன் செய்தாள். பக்கத்தில் கமர்ஜஹான் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அவரு ரெண்டாவது தடவையும் கை நீட்டிட்டாரு. என்னால இங்க இருக்க முடியல. நான் வந்துரவா?"

அந்த மாப்பிள்ளை ஃபாரிஸைப் பார்த்துப் பேசி முடித்ததே பக்கத்தில் இருக்கும் இந்தக் கமர்ஜஹான்தான். அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் திருச்சிக்குத் தகவல் போய்விடும். "செத்த பொறு, பாப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பால்காரரிடம் பேசுகிற குரலில் பெற்ற மகளிடம் பேசினாள்.

"யாரு நஜ்மு?" என்று கேட்டாள் கமர்ஜஹான்.

"மாவு மில்லு மதினி."

அவள் போன பிறகு நஜ்முன்னிசா மகளைத் திரும்பக் கூப்பிட்டாள். மாமியார்தான் எடுத்தாள். ஷமா குளிக்கிறாள் என்றாள். அடுத்த முறை தூங்குகிறாள் என்றாள். ஷமாவின் போனை அந்த அம்மா நோண்டிப் பார்ப்பது வழக்கம், அதனால் எழுதியும் அனுப்ப முடியாது. 'வந்துரவா' என்று கேட்ட பிள்ளைக்கு 'வா' என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. வந்தாலும் எங்கே படுப்பாள், இட்லிக் கொப்பரை மேலேயா? அந்த நினைப்பு வந்ததும்தான் நஜ்முன்னிசா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அறைக் கதவைத் தள்ளினாள். பாதிக்கு மேல் திறக்கவில்லை.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் நல்ல மனுசன்தான், ஆனால் அவர் காதுக்குப் போனது அக்கா காதுக்குப் போகாமல் இருந்ததில்லை. அறையில் கரையான் என்று சொல்லிவைத்தாள். பழைய பேப்பர் எடுக்கிற பிராங்கிளினை வரச்சொல்லி, கணவர் மண்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கட்டுக் கட்டாக ஏற்றிவிட்டாள்.

"என்னக்கா, வீட்டைக் காலி பண்ணுறீங்களா?" என்றார் பிராங்கிளின்.

"மூச்சு விட இடம் பண்ணுறேன் தம்பி. அந்த பாட்டிலையும் எடுத்துக்கங்க."

அத்திப்பழத்தை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மைதீன் பிச்சை குளிக்கப் போன நேரத்தில் அவர் போனை எடுத்தாள். நிறுத்து என்று அழுத்தினால், நிஜமாகவே நிறுத்த வேண்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றாள். ஏன் போகிறீர்கள், பழம் பிடிக்கவில்லையா என்றது. ஒரு மாதம் தள்ளிப்போடலாமே என்றது. பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சியது.

"பொண்ணக் குடுக்கும்போது மாப்பிள்ளைய நாம இம்புட்டுக் கேள்வி கேக்கலையே!" என்று எரிச்சலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பொத்தானையும் அழுத்தினாள்.

பெரிய அண்டாக்கள் நோன்புக் கஞ்சி காய்ச்ச ஆகட்டும் என்று பள்ளிவாசலுக்குப் போயின. ஹாட் பாக்ஸும் டிபன் கேரியரும் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் போயின. அறை காலியாக ஆக இவளுக்குப் படபடப்புத்தான் கூடியது. இந்நேரம் அங்கே என்ன நடக்கிறதோ, பிள்ளை சாப்பிட்டாளோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டே தேய்த்ததில் தரை பளபளவென்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தாள். வெயில் நேராக வந்து கட்டிலில் விழுந்தது. புது விரிப்புப் போட்டாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, நடு அறையில் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். கை எதிலும் இடிக்கவில்லை. அம்மாடி, எத்தனை நாளாயிற்று! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு டீ போட்டு, அந்தத் தரையிலேயே உட்கார்ந்து குடித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அறையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் என்ன? மாமியார் பார்த்தால் அது வெறும் அறை. ஷமா பார்த்தால் அவளுக்குப் புரியாமலா போகும்? எடுத்தாள், போட்டாள், கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நிமிடத்துக்கு ஒருதரம் போனைத் திறந்து யார் பார்த்தார்கள் என்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஷமாவின் பெயரும் அதில் வந்தது. நஜ்முன்னிசா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஷமா கூப்பிடவில்லை. ஊரில் மற்ற எல்லோரும் கூப்பிட்டார்கள். சின்னம்மா மகள் கூப்பிட்டு, "ரூம் சும்மாதான கெடக்கு, என் பீரோவ கொஞ்ச நாளைக்குப் போட்டுக்கவா?" என்றாள். மேலத் தெருவிலிருந்து ஒருத்தர் வெங்காய மூட்டை அடுக்க இடம் கேட்டார். ஒரு அறை காலியானால் திண்டுக்கல்லுக்கே மூக்கு வியர்த்துவிடும் போலிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்குச் சொல்லி வைத்தாள். நடுவில் மகளுக்கு அடித்துப் பார்த்தால் போன் அணைந்திருந்தது.

அதோடு நின்றதா? படம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கமர்ஜஹான் அதை அப்படியே தூக்கிக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டிருந்தாள். கூடவே, 'தம்பி வீட்டு ரூம் காலி, வாடகைக்கு நல்ல குடும்பம் இருந்தா சொல்லுங்க' என்று எழுதியிருந்தாள். யாரைக் கேட்டு எழுதினாள் என்று யார் கேட்பது? அடியில் மைதீன் பிச்சை, 'சரிக்கா' என்று போட்டிருந்தார். நஜ்முன்னிசா அடுப்படியில் இருந்ததால் அதைப் பார்க்கவே இல்லை.

ஜும்மா முடிந்து மைதீன் பிச்சை சிரித்துக்கொண்டே வந்தார்.

"நஜ்மு, ரூமுக்கு ஆள் கெடச்சாச்சு. நம்ம மண்டிக் கணக்குப்புள்ள மகன், புதுசா கல்யாணம் ஆனவன். திங்கக்கெழம பால் காய்ச்சுறாங்களாம்."

"எந்த ரூமுக்கு?"

"நீ ஒழிச்ச ரூமுக்குத்தான். வாடகைக்குத்தான ஒழிச்ச? குரூப்புல அக்கா போட்டுச்சே, நானும் சரின்னுட்டேன். ஃபாரிஸ் மாப்பிள்ளகூட கட்டைவிரல் போட்டிருக்காரு."

நஜ்முன்னிசா அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அந்த 'சரிக்கா'வை யார் யார் படித்தார்கள் என்று தேடினாள். ஷமாவும் படித்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் போன் அணைந்திருக்கிறது. கேட்ட பிள்ளைக்குப் 'பாப்போம்' என்று சொல்லிவிட்டு, இப்போது அவள் அறையை வாடகைக்கும் விட்டாயிற்று. அப்படித்தானே அவளுக்குத் தெரியும்?

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? கமர்ஜஹான் இடுப்பில் ஒரு பெரிய பிரியாணித் தேக்சாவோடு வாசலில் நின்றாள்.

"இந்த மாசச் சாமான் நஜ்மு. வாடகைக்கு வாரவுக வர்ற வரைக்கும் அந்த ரூமுல கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்தாள்.

நஜ்முன்னிசா ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் மதினி. இதுவும் வேணாம், சீட்டும் வேணாம். இன்னையோட நிறுத்திக்கங்க."

"என்னாச்சு இவளுக்கு? உன் மகளுக்குத்தானடி சேத்து வைக்கிறேன்!"

"என் மகளுக்குப் பாத்திரம் வேணாம், படுக்க இடம்தான் வேணும். அவ திரும்பி வாரா. ஃபாரிஸ் அவள அடிக்கிறான் மதினி. அதுக்குத்தான் இத ஒழிச்சேன். வாடகைக்கு ஒழிக்கல."

கமர்ஜஹான் தேக்சாவைக் கீழே வைத்தாள். வெற்றிலை வாயைத் துடைத்துக்கொண்டு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசு. நான் போயி அவுக வீட்டுல பேசுறேன். அதுவரைக்கும் வெளிய யாருக்கும் தெரிய வேணாம், நம்ம குடும்பத்துக்குத்தான் அசிங்கம்" என்றாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மைதீன் பிச்சை.

"உங்ககிட்ட சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள மதினிக்குத் தெரிஞ்சிரும். அதான் சொல்லல."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நஜ்முன்னிசா குடும்ப குரூப்பைத் திறந்தாள். அதில் மாமன் மச்சான் எல்லோரும் இருந்தார்கள், ஃபாரிஸ் இருந்தான், அவன் அம்மாவும் இருந்தாள். எழுதிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் குரலிலேயே பேசி அனுப்பினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த ரூம் வாடகைக்கு இல்ல. அது ஷமா ரூம். என் மக அவ வீட்டுக்கு வாரா. ஷமா, இதக் கேட்டியன்னா வந்துரும்மா. புதன்கிழமையே சொல்லியிருக்கணும், வாயி வரல. வந்துரு."

விரலை எடுத்தாள். போய்விட்டது. கமர்ஜஹான் "யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நஜ்முன்னிசா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். திருச்சிக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம் என்று மைதீன் பிச்சை வண்டிச் சாவியைத் தேடினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடினார்.

போன் அடித்தது. ஷமாதான்.

"அம்மா" என்றாள். மூக்கடைத்த குரல், நிறைய அழுதிருக்கிறாள்.

"எங்கம்மா இருக்க?"

"திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல."

நஜ்முன்னிசா கையை வீசிக் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"காலையிலயே யாருக்கும் தெரியாமக் கெளம்பிட்டேம்மா. அய்யலூர்கிட்ட வரும்போது உன் படத்தப் பாத்தேன். எனக்குத்தான்னு பஸ்லயே அழுதேன். இங்க வந்து எறங்கி ஆட்டோ கேக்குறேன், குப்பி வாடகைக்குன்னு போட்டது வந்துருச்சு. அத்தாவும் சரின்னுட்டாரு. அதுக்கப்பறம் நான் எங்க வர? போன அணைச்சிட்டு இம்புட்டு நேரமும் இங்கனயேதான் உக்காந்திருந்தேன். இப்ப மணி பாக்கத்தான் தொறந்தேன், நீ பேசி அனுப்புனது வந்து கெடந்துச்சு."

"அங்கயே இரு, அத்தா இப்ப வாராரு."

"நான் திருச்சி பஸ்ல ஏறிட்டேம்மா. கெளம்பிருச்சு."

போனுக்குள் பஸ் உறுமுவது கேட்டது. நஜ்முன்னிசா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"எறங்குடி! ஷமா, எறங்கு!"

மைதீன் பிச்சை செருப்புகூடப் போடாமல் வண்டியை உதைத்துக் கிளப்பினார். நஜ்முன்னிசா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். பை இடிக்கிறது என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். பிறகு ஷமாவின் குரல் போனை விட்டுத் தள்ளிக் கேட்டது.

"அண்ணே, செத்த நிறுத்துங்க. எறங்கணும்."

"ஏம்மா, ஏறும்போதே பாத்து ஏற மாட்டியா? எங்கதான் போகணும் உனக்கு?"

"எங்க வீட்டுக்குண்ணே."