வாஷிங் மெஷின் பணம்

ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவும் அவளுக்கு இரண்டு கையிலும் தோல் வெடித்திருந்தது. சோப்புத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. வேலையை விட முடியாது. வீட்டில் துணி துவைப்பதையாவது விடலாம் என்று பழைய சாமான் கடையில் ஒரு வாஷிங் மெஷினைப் பார்த்து வைத்தாள். சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்கினால் குடும்பம் தள்ளாடாது என்று கணக்குப் போட்டாள். இரண்டாம் மாதமே மகளுக்குக் காய்ச்சல் வந்து கணக்கு உதைத்தது. தொகையைப் பாதியாக்கினாள். மெஷின் மெதுவாக வரட்டும், வந்தால் போதும்.

அவள் கணவன் ஏசி கடையில் சேல்ஸ்மேன். கடையில் அவனைக் ‘கோடீஸ்வரன்’ என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. ஐந்து வருடத்தில் மூன்று வீடு வாங்குவானாம். போன் தவணையே இரண்டு மாதமாக நின்றிருந்தது.

“வாஷிங் மெஷினெல்லாம் ஒரு லட்சியமா? நீ சில்லறையா யோசிக்கிறதாலதான் நாம இப்படியே கிடக்கிறோம்” என்பான். அவள் அந்த மாதத் தொகையைக் கவரில் போட்டுப் பீரோவில் வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷினுக்கு முன்பணம் கட்டப் பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் இருந்த கவர் காலி. கணவனுக்குப் போன் செய்தாள்.

“என்னங்க, கவர்ல இருந்த பணம் எங்க?”

“பணக்காரன் ஆகறதுக்கு ஒரு ட்ரெயினிங், அதுக்குக் கட்டிட்டேன்மா. இப்ப அந்த ஹால்லதான் இருக்கேன். நம்ம வாழ்க்கையே மாறப்போகுது பாரு.”

எந்த ஹால் என்று கேட்டுக்கொண்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

வாசலில் நின்ற பெண், “கார்டு இருக்கா மேடம்?” என்றாள்.

“எம் புருஷன் கழுத்துல தொங்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோட்டுப் போட்ட பயிற்சியாளர் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். “உங்க இலக்கு எட்டக்கூடியதா இருக்கணும். என்ன வேணும், எப்போ வேணும், தெளிவாச் சொல்லணும். யாரு சொல்றீங்க?”

அவள் மைக்கை வாங்கினாள்.

“நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட கட்டினது என் பணம். இன்னைக்கு இங்கிருந்து போறதுக்குள்ள அது என் கைக்கு வரணும். தெளிவா இருக்கா?”

யாரோ சிரித்தார்கள். கணவன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். “மானத்தை வாங்காதே, வெளிய வா.”

“பீரோவைத் திறந்தப்ப எங்கடா போச்சு உன் மானம்?”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் இருந்த ‘ங்க’ அங்கேயே உதிர்ந்தது. அவன் கையை விட்டுவிட்டான்.

“சிஸ்டர், இது செலவு இல்ல, முதலீடு. பெருசா நினைங்க” என்று பயிற்சியாளர் குழைந்தார்.

“நான் பெருசா நினைக்கல சார். முடியறதை நினைச்சேன். அதுக்காக இந்தக் கையோட தினமும் சோப்புல நின்னேன்.” வெடித்த உள்ளங்கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதை வெச்சு நீங்க கோட்டுப் போட்டுக்கறதா?”

பின் வரிசையில் ஒருவர் எழுந்து, “எனக்கும் பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்றார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். உடனே டீ இடைவேளை என்று அறிவித்து, அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். பதிவுக் கட்டணம் என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். சண்டை போட்டாள், கத்தினாள், வாசலை மறித்து உட்கார்ந்தும் பார்த்தாள். அந்தப் பங்கு மட்டும் வரவில்லை. “நாசமாப் போங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

குறைந்ததை ஈடுகட்ட மூன்று மாதம் ஆனது. மெஷின் வந்தது. தன் துணியையும் மகள் துணியையும் மட்டும் அதில் போட்டாள். கணவன் தன் சட்டைகளைக் குளியலறையில் கையால் துவைத்தான்.

ஒரு நாள் ஈரக் கையோடு வந்து நின்றான். “போன் தவணையை அடைச்சிட்டேன். இந்த வருஷம் வேற கடன் வாங்கப்போறதில்ல.”

“நல்லது.”

“இன்னும் கோவமா இருக்கியா?”

“ஆமா” என்றாள். மெஷின் மூடியை அறைந்து சாத்தினாள்.