மதிலோரம் பூக்காத சாமந்தி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. வாலாஜாபாத் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ரகுபதி என்ற எலெக்ட்ரீஷியன் சொன்னார். அவர் தன்னையே கதாநாயகனாக வைத்துச் சொன்னார். நான் அவரை மூன்றாம் பகுதிக்குத் தள்ளிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தாவரங்கள் சூழலுக்கேற்பத் தம் வளர்ச்சியை...’ வேண்டாம், பாடப்புத்தக வாடை. அடுத்து: ‘இளங்காலைப் பொன்வெயிலில் காந்திமதி...’ அதுவும் ஆகாது. பொன்வெயிலை ரசிக்கும் நிலையிலா இருந்தாள்? புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

2

எழுபதுகளின் கடைசி. பென்னலூரில் காந்திமதியும் அவள் புருஷன் அப்பாவுவும் சாமந்தி போட்டிருந்தார்கள். தை மாதம் அவள் தங்கை மரகதத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் காந்திமதி வாயை விட்டிருந்தாள்: “மாலைக்கு, மணவறைக்கு, எல்லாத்துக்கும் எங்க தோட்டத்துப் பூதான்!”

ஐப்பசியில் தோட்டத்தின் ஒரு பாதி மொட்டும் பூவுமாக நின்றது. புதிதாக வந்த தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய மறுபாதியோ மளமளவென்று வளர்ந்து, இலையாகத் தள்ளி, மொட்டு வைக்காமல் நின்றது.

“யூரியாவ அள்ளிக் கொட்டினியே, அதான்,” என்றான் அப்பாவு.

“ரெண்டு பக்கமுந்தானே கொட்டினேன்? உங்க அக்கா வந்து பாத்துட்டுப் போனாங்களே, அப்பவே நெனச்சேன்.”

(அந்த அக்காவுக்கென்று ஒரு பகுதி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நல்ல மனுஷி. அவர் கண்மேல் ஒரு குற்றமும் இல்லை.)

3

ஒழுகும் கூரையைச் சரிபார்க்க ஒரு காலையில் மோட்டார் கொட்டகைமேல் ஏறினாள் காந்திமதி. கீழே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பூக்காத பச்சைக்கு நடுவே, கொட்டகைக்குப் பின்னால் மட்டும் மஞ்சளாக ஒரு பட்டை. கொட்டகையின் நிழல் விழுந்ததுபோல் அதே வடிவம். ஆனால் வெயில் நிழல் ஓரிடத்தில் நிற்காதே? மதிலைப் பார்த்தாள். அங்கே, இரவெல்லாம் எரியும் விளக்கு.

“இன்னாங்க, வெளக்குங்க! வெளக்குதான்!”

சாமந்தி இருட்டை அளக்கும் செடி. இரவு நீண்டால் பருவம் வந்துவிட்டதென்று மொட்டு வைக்கும். மதிலோரச் செடிகளுக்கு இரவே வரவில்லை. இன்னும் கோடைதான் என்று நம்பி வளர்ந்துகொண்டிருந்தன. இது நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. காந்திமதி படிக்கக் காத்திருக்கவில்லை. நேரே தொழிற்சாலை வாசலுக்குப் போனாள்.

வந்தார் ரகுபதி, அப்போது அங்கே எலெக்ட்ரீஷியன். “வெளக்குக்கும் பூவுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? அத்த அணைச்சா சூப்பர்வைசர் என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“அணைக்க வாணாம்பா. எங்க பக்கம் அடிக்காம ஒரு தகரம் கட்டு. நம்பலன்னா வந்து கொட்டா மேல ஏறிப் பாரு.”

ஏறிப் பார்த்தார். வாயைப் பிளந்தார். “அட, கோடு போட்டு வெட்டின மாதிரி கீதே!”

சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, மதிலுக்குள் வெளிச்சம் இருந்தால் சரி என்றார். அன்றே தகரம் ஏறியது.

(காந்திமதியின் சின்ன நாத்தனாரை ரகுபதிக்குக் கட்டிவைக்கலாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. கைவிட்டேன்.)

4

மார்கழியில் மதிலோரம் மொட்டு கட்டியது. ஆனால் முன்பு பூத்த பாதி அதற்குள் ஓய்ந்துவிட்டது. இனி இந்த மொட்டுகள்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையின் அம்மா மீனம்மாள் தோட்டத்துக்கே வந்துவிட்டார். இன்னும் விரியாத மொட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

“இன்னா காந்திமதி, ஆளைப் பாத்துக் கூச்சப்படுதா உன் பூவு?”

“இல்லீங்கம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரிதான். நேரத்துக்கு வந்துடும்.”

மீனம்மாள் கலகலவென்று சிரித்தார்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்லாம் மலர்ந்தன. நம்ப முடியாத அளவுக்கு. ஒன்றில் காஞ்சிபுரத்திலிருந்து பூ வந்தது. காந்திமதி என்னோடு பேச மறுத்துவிட்டாள். மூன்றாவதில் மொட்டு மாலை, அது மணவறையில்... அந்த வரியை முடிக்கவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியல். கூடையோடு மரகதம் வரப்பில் நிற்கிறாள். மொட்டுகளின் நுனியில் மஞ்சள்.

“அக்கா, இப்பவே பறிக்கலாமா, விரியட்டும்னு சாயங்காலம் வரைக்கும் வுடலாமா?”

காந்திமதி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன்.