மஞ்சள் வைத்த சி.டி.

எங்கள் ஸ்டுடியோவில் கல்யாண சி.டி.யை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. சாமி படத்துக்கு முன் வைத்து, மேல்பக்கம் விளிம்பில் நாலு இடத்தில் ஈர மஞ்சளைக் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் ஏந்திக் கொடுப்பேன். பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கிறோமே, அதே வழக்கம்தான். "நூறு வருஷம் தாங்கும்" என்று வேறு சொல்வேன். கம்பெனிக்காரன் அட்டையில் போட்டிருந்தான், நானும் வாய் கூசாமல் சொன்னேன்.

போன பௌர்ணமியன்று அடி அண்ணாமலையிலிருந்து பொன்னி வந்தாள். பதினேழு வருஷத்துக்கு முன் நான் வீடியோ எடுத்த கல்யாணம். புருஷன் ஆடியில் செத்துப்போனான். "எங்கண்ணன் இவளுக்குத் தாலியே கட்டலை, சும்மா சேத்துக்கிட்டிருந்தான்" என்று கோர்ட்டில் சொல்லி, அவளையும் அவள் மகளையும் வீட்டை விட்டுத் துரத்தப் பார்க்கிறார்கள் அவன் தம்பிகள். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. ஆல்பத்தை அவர்களே எடுத்து மறைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் உயிரோடு இல்லை, வந்திருந்த மற்றவர்கள் எல்லாம் அவன் பக்கத்து ஆட்கள். மிச்சம் இந்த சி.டி. ஒன்றுதான். திங்கட்கிழமை வாய்தா.

"அடிப்பக்கம் விரல்கூட படாம வெச்சிருந்தேண்ணா" என்றாள்.

உண்மைதான், அடிப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. திருப்பினேன். மஞ்சள் வைத்த இடமெல்லாம் வெள்ளிப் பூச்சு பொரிந்து உதிர்ந்து, ஓட்டை வழியே டியூப்லைட் தெரிந்தது. படம் பதிவது அந்த மேல் பூச்சுக்கு அடியில்தான், கீழே இருப்பது வெறும் பிளாஸ்டிக் என்று ஒரு மெக்கானிக் எனக்குச் சொன்னபோது நான் நூற்றுக்கணக்கில் கொடுத்து முடித்திருந்தேன். அன்றோடு மஞ்சளை நிறுத்தினேன். ஆனால் வாங்கிப் போன ஒருவரிடமும் போய்ச் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

கம்ப்யூட்டரில் போட்டோம். நாலு நிமிஷம் ரோஜாப்பூ சுற்றியது. என் கைவண்ணம். ஸ்டுடியோ பேர் மூன்று தடவை பளிச்சென்று வந்தது. மேளக்காரர் வந்தார், பந்தியில் பொங்கலுக்குச் சாம்பார் ஊற்றினார்கள். சி.டி. உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஓடும். மணவறை வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. பெண்ணின் முகம் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த ரோஜாப்பூ பிடித்துக்கொண்ட இடத்தில் மணவறை தப்பியிருக்கும் என்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருந்தது.

"உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமே?"

இருந்தது. பரணிலிருந்து இறக்கினேன். பூஜை போடும்போது இரண்டுக்கும் சேர்த்துத்தான் மஞ்சள் வைப்பேன். அதுவும் அதே நாலு இடத்தில் உதிர்ந்திருந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ நீங்க வந்து சொல்லுங்கண்ணா. தாலி கட்டறப்ப எதிர்லதான நின்னீங்க. எங்க மாமியார கேமராவ மறைக்காதீங்கன்னு அதட்டினீங்க."

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அந்த வருஷம் மட்டும் தொண்ணூறு கல்யாணம் எடுத்தேன். ஒற்றைக் கண்ணால் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எந்த முகம் நிற்கும்? தெரியாது என்றால் அவளுக்கு வீடு போய்விடும். தெரியும் என்றால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவக்கூட வழியில்லை. வாசலை அடைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எந்த கலர் புடவை கட்டியிருந்தேன்?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"அரக்கு" என்றாள் மெதுவாக. "பச்சை பார்டர். திங்கக்கெழம வக்கீல் கேப்பாரு. இப்போ நீங்க சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு தபா" என்றாள்.