மூன்றாவது கயிறு

நவம்பர் பதினைந்தாம் தேதி எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. மான் வேட்டை தொடங்கும் நாள். வாத்தியார்களும் காட்டில் இருப்பார்கள், பிள்ளைகளும் காட்டில் இருப்பார்கள், பிறகு யாருக்கு யார் பாடம் நடத்துவது? பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் எனக்கும் அன்று லீவு. போன வருஷம் அந்த லீவு நாளில்தான் என் புருஷன் வெண்டல் மரத்திலிருந்து விழுந்தான்.

மான் வரும்வரை மரத்தின் மேல் காத்து உட்கார அவனே பலகை அடித்துச் செய்த பரண். செய்ததிலிருந்து ஆணி மாற்றவில்லை. குதிகாலும் இரண்டு விலா எலும்பும் உடைந்து பனியில் மல்லாந்து கிடந்திருக்கிறான். செல்போன் கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு மேலே மரக்கிளையில் தொங்கியது. இருட்டியும் ஆள் வரவில்லை என்றதும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதை ஒவ்வொன்றிலும் போய் ஹார்ன் அடித்தேன். எந்தப் பாதை என்று எனக்குத் தெரியாது. கடைசியில் மரலாரி ஓட்டுகிற ஒருவன் ஒண்ணுக்குப் போக வண்டியை நிறுத்தி, முனகல் சத்தம் கேட்டு, அவனைக் கண்டுபிடித்தான். அந்த லாரிக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் அடக்கும் சக்தி இருந்திருந்தால் இன்றைக்கு நான் விதவை.

வெண்டல் எங்கே உட்காருகிறான் என்று எனக்கு ஏன் தெரியாது? இந்தப் பக்கத்து ஆண்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், மூலநோயைச் சொல்வார்கள், மான் வரும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியிடம் சொல்லவே மாட்டார்கள். பெண்டாட்டிகளுக்குத் தங்கைகள் உண்டு, தங்கைகளுக்குப் புருஷன்கள் உண்டு. இதில் வெண்டல் அடிபட்டவன். சில வருஷங்களுக்கு முன் அவனுடைய இடத்தை நான் பேச்சுவாக்கில் என் தங்கை எல்னாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் விடியும் முன்பே அவள் புருஷன் ஆர்விட் அங்கே போய் உட்கார்ந்து, பத்துக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் ஒன்றைச் சுட்டான். அந்தத் தலை இப்போது ஆர்விட் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வெண்டல் அதற்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுகிறான்.

இந்த வருஷம் அக்டோபரில், குதிகால் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே, அவன் கொட்டகையில் பலகை தேட ஆரம்பித்தான். நான் ரம்பத்தைப் பிடுங்கி வண்டியில் போட்டேன். அவனையும் ஏற்றிக்கொண்டு கார்டியின் கடைக்குப் போனேன்.

கார்டி கடையில் ஆணி கிடைக்கும், தூண்டில் புழு கிடைக்கும், பிறந்தநாள் மெழுகுவர்த்தியும் கிடைக்கும். பின்சுவரில் மரமேறும் பரண்கள் மாட்டியிருந்தன. இரண்டு துண்டு. மேலே இருக்கை, கீழே கால்பலகை. இரண்டையும் இரும்பு வடத்தால் மரத்தைச் சுற்றிக் கோர்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து காலால் பலகையை இழுத்து, எழுந்து நின்று இருக்கையை உயர்த்தி, மறுபடி உட்கார்ந்து. கம்பளிப்பூச்சி ஏறுகிற மாதிரி மரத்தில் ஏறலாம்.

வெண்டல் இருப்பதிலேயே லேசானதைத் தூக்கிப் பார்த்தான்.

"உன் எடை என்ன?" என்றான் கார்டி.

"இருநூத்தி அம்பது."

கார்டி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"இது முந்நூறு பவுண்டு தாங்கும்," என்றான் கார்டி. "ஆனா அது ஆளுக்கு மட்டும் இல்ல. பூட்ஸ், கோட்டு, துப்பாக்கி, ஃபிளாஸ்க், நீ மேல உக்காந்து திங்கப்போற கறி அடைச்ச பேஸ்டி வரைக்கும் எல்லாம் அதுக்குள்ள."

"அப்பவும் இடம் இருக்கு."

"இருக்கான்னு பாத்துடுவோம்," என்றேன். "வாசல்ல தராசு சும்மாதானே தொங்குது?"

வாசலில் இருப்பது மான் தராசு. சீசனில் சுட்ட மானையெல்லாம் அந்தக் கம்பத்தில்தான் தொங்கவிட்டு நிறுப்பார்கள். ஊரே நின்று பார்க்கும். வெண்டல் முடியாது என்றான். சரி, அப்படியென்றால் பரணும் கிடையாது, வேட்டையும் கிடையாது, வா, போய் இலை கூட்டலாம் என்றேன். அவன் வண்டியிலிருந்து வேட்டை உடுப்பை எடுத்துவந்து போட்டுக்கொண்டான். தோளையும் தொடையையும் சுற்றிப் போடும் பாதுகாப்பு பெல்ட்டை கார்டி மாட்டிவிட்டு, முதுகுப்பக்க வாரைத் தராசுக் கொக்கியில் கோர்த்தான். பெல்ட்டையும் சோதித்தது மாதிரி ஆச்சு என்றான். கப்பிக் கயிறு இழுபட்டது. வெண்டல் தரையை விட்டு எழும்பி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான்.

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அதில் ஆர்விட்டும் இருந்தான்.

"என்ன சகல, உன்னை யாரு சுட்டது?" என்றான்.

"இறக்கி விடுங்கடா."

"இருய்யா, நிறுக்காத மானுக்கு மரியாத இல்ல. நான் முந்நூத்திப் பத்துங்கறேன். கொம்பு இல்லாததால கொஞ்சம் கொறச்சுச் சொல்றேன்."

முந்நூற்றுப் பன்னிரண்டு. யாரும் சிரிக்கவில்லை. சாவு வீட்டில் மாதிரி எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். சிரித்திருந்தால்கூட வெண்டல் பொறுத்துக்கொண்டிருப்பான்.

அப்படியாக, முந்நூற்றைம்பது தாங்குகிற கனமான பரணை வாங்கினோம். கார்டி வடத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று கயிறுகளை மேஜையில் வைத்தான்.

"ஒண்ணு உன்னையும் மரத்தையும் கட்ட. தரையில மாட்டினா தரைக்கு வந்துதான் கழட்டணும். ஒண்ணு துப்பாக்கிய மேல இழுக்க. தோட்டாவ எடுத்துட்டு இழு. இந்த மூணாவது, மேல் துண்டையும் கீழ் துண்டையும் சேத்துக் கட்ட. இத விட்டுட்டீன்னா, ஒரு தடவ கால் நழுவுனா பலகை கீழ போயிடும். நீ மேல ராஜா மாதிரி உக்காந்திருக்க வேண்டியதுதான், இறங்க வழி இல்லாம."

"நேரான மரமா, உசுரோட இருக்கற மரமா பாரு," என்று முடித்தான்.

வீட்டு மேப்பிள் மரத்தில், முட்டி உயரத்தில், வெண்டல் ஏறி இறங்கிப் பழகினான். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று கயிறும் கட்டியிருந்தது.

இனி பாக்கி ஒன்றுதான். சனிக்கிழமை சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், இருவரும் வியர்த்து உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"எங்க உக்காரப் போற?"

அவன் கரண்டி நிறையத் தண்ணீர் மொண்டு சுடுகல்லில் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஆவி அடங்கியதும் மறுபடி கேட்டேன். மறுபடி ஊற்றினான். வாளி காலியாகும்வரை இது நடந்தது.

"பெல்ட்டு போடறேன்னு சொல்லிட்டேன்," என்றான் கடைசியில். "ஊர் முன்னால மானாட்டம் தொங்கிட்டேன். இது மட்டும் கேக்காத வெர்னா."

நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கோபமில்லை என்று சொன்னால் பொய். அன்று ராத்திரி அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன், ஆர்விட் வீட்டு மான்தலைக்கு அவன் காட்டுகிற மாதிரி.

பதினைந்தாம் தேதி விடியுமுன் வெண்டல் முந்தின நாள் சுட்ட பேஸ்டியை டப்பாவில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்து மேற்கே போனான். நான் ராத்திரிப் பேஸ்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்தேன். சமையலறைத் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். சதுப்பு நிலத்தைத் தாண்டி எதிர்மேடு வரை தெரியும். வெளிச்சம் வந்தபோது அந்த மேட்டில், நேரான ஒரு பைன் மரத்தில், ஆரஞ்சுப் புள்ளி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

மானென்று நினைத்து யாரும் சுட்டுவிடக்கூடாதே என்று அன்றைக்குக் காடு முழுக்க ஆரஞ்சுச் சட்டைதான். ஆனால் இரண்டு அசைவுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிற ஆரஞ்சு ஒன்றுதான் உண்டு. பறவை பார்க்க ஜன்னலோரம் வைத்திருக்கும் பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். வெண்டலேதான். மேற்கே போய், ஊரைச் சுற்றி, பின்பாதை வழியாக வந்து, சொந்த வீட்டுக்கு எதிரே ஏறி உட்காருகிறான். பெட்ரோலைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

உயரத்துக்குப் போனதும் இருக்கையில் அமர்ந்து காலை நீட்டி நெளித்தான். கால்பலகை சாய்ந்தது. பிறகு மரத்தைப் பிடித்தபடியே விர்ரென்று வழுக்கி அடிமரத்துக்குப் போய்விட்டது. சதுப்பைத் தாண்டி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

மாவுக் கையோடு பைனாகுலரைத் திருப்பினேன். பெல்ட்டைப் பார்த்தேன், மரத்தோடு கட்டியிருந்தது. இருக்கையைப் பார்த்தேன், அசையவில்லை. கனமான பரண். அவன் காலிரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. போனை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கூப்பிடட்டும். இடத்தைச் சொல்லட்டும். அவன் கூப்பிடவில்லை. மூன்று மான்கள் வந்தன. ஒன்று மரத்தடிக்கே போய், கயிற்றில் கட்டிக் கீழே கிடந்த துப்பாக்கியை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்தது. வெண்டல் அதைக் குனிந்து பார்த்தான். பேஸ்டியை அடுப்பில் வைத்தேன். வெந்து முடிந்ததும் போவது, அவன் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி என்று முடிவு செய்தேன். அதற்கு மேல் என் மனசு தாங்காது. கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபோது போன் அடித்தது.

"வெர்னா."

"சொல்லு."

"என்ன பண்ற?"

"பேஸ்டி. நீ?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"மான் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சுட்டியா?"

"துப்பாக்கி கீழ இருக்கு." குனிந்து அடிமரத்தைப் பார்த்தான். "கால்பலகையும் கீழதான் இருக்கு. நான் மட்டும்தான் மேல."

"எங்க வரணும்?"

பைனாகுலரில் அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"கார்டிய அனுப்பேன்."

"எங்க அனுப்பணும்?"

"எல்னாகிட்ட சொல்ல மாட்டியே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"போன வருஷம் எந்தப் பக்கம் நின்னு உன் பேரச் சொல்லிக் கத்தறதுன்னுகூடத் தெரியாம அலைஞ்சேன்டா! நாளைக்கு யாராவது வந்து உன் பொணத்தக் காட்டுவாங்கன்னு நெனச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன். மானுக்குத் தெரியற இடம் எனக்குத் தெரியக்கூடாதா?"

சர்ச்சில் பேசுகிற குரலில் அவன் சொன்னான்.

"சதுப்புக்கு அந்தாண்ட மேட்டுல. இடி விழுந்த மரத்துக்குப் பக்கத்துப் பைன்."

"தெரியும். தொப்பியச் சரியாப் போடு, கோணலா இருக்கு."

ஆரஞ்சுப் புள்ளி மெல்லத் திரும்பி, முதன்முறையாக எங்கள் வீட்டைப் பார்த்தது.

சதுப்பைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் இரண்டு பூட்ஸ் தெரிந்தது, அதற்கு மேல் வெட்கப்பட்ட முகம். மூன்றாவது கயிறு எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபிளாஸ்க்கையும் சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்து இருக்கையில் இறுகக் கட்டியிருந்தான்.

"போன வருஷம் ஃபிளாஸ்க்கு விழுந்து ஒடஞ்சுது," என்றான் மேலிருந்து.

"நீயும்தான்," என்றேன்.

துப்பாக்கியை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, அதே கயிற்றைக் கால்பலகையில் கட்டினேன். வடம் மரத்தைச் சுற்றி அப்படியே இருந்தது. அவன் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தள்ள, பலகை அவன் காலடிக்குப் போயிற்று. டப்பாவை அவிழ்த்து என்னிடம் இறக்கிவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டினான். பிறகு கம்பளிப்பூச்சி இறங்க ஆரம்பித்தது.

பாதி மரத்தில் அவன் இருக்கும்போது என் போன் அடித்தது. எல்னா.

"அக்கா, வெண்டல் இந்த வருஷம் எந்தப் பக்கம்? ஆர்விட்டுக்கு இன்னும் ஒண்ணும் மாட்டலையாம்."

வெண்டல் இறங்குவதை நிறுத்தினான். மூச்சு வாங்குவதையும் நிறுத்தினான்.

"எனக்கு எங்கடி தெரியும்?" என்றேன். "என்கிட்ட வாயத் திறக்கற ஜென்மமா அது? மேற்கால போச்சு, அவ்வளவுதான்."

வெண்டல் தரைக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினான். டப்பாவைத் திறந்து பேஸ்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் கொடுத்தான். முப்பது வருஷத்தில் அது முதல் தடவை.

என் காலடி வாசனை இருக்கும்வரை அந்த மேட்டுக்கு மான் வராது. அதனால் மறுநாளே அவன் இடம் மாற்ற வேண்டியிருந்தது. விடியுமுன் பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவுவரை போனவன் திரும்பி வந்தான். வீட்டில் நாங்கள் இருவரும் நாயும்தான். அவன் நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதோரம் கையைக் குவித்து, புது இடத்தை ரகசியமாகச் சொன்னான். மரம் எது, எந்தப் பக்கம் பார்த்து உட்காருவான் என்பது வரை.

எந்த இடம் என்று நான் இங்கே சொல்வதாக இல்லை. எங்கள் ஜன்னலிலிருந்து அது தெரியாது. நான் பைனாகுலரைப் பறவைகளின் பக்கமே திருப்பி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.