பரம்பரை நாற்காலி

அடுக்ககத்தின் செயலாளருக்குக் குடியிருப்பவர்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. குழாய் சொட்டினால் ஒரு சுற்றறிக்கை, செருப்பு கோணலாகக் கிடந்தால் ஒரு சுற்றறிக்கை. பத்து நாள் முன்பு எழுதியதுதான் அவருடைய மகா காவியம். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில்: "இவ்வீட்டில் மூட்டைப்பூச்சி உள்ளது. சுத்தமின்மையே காரணம். விலகி நிற்கவும்." அதை ஒட்டிய இடம், அவர் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடித் தையல்காரம்மாவின் கதவு. கிழித்துவிடுவாளோ என்று காகிதம் முழுக்கப் பசையைப் பூசி ஒட்டியிருந்தார்.

இத்தனைக்கும் பூச்சி இருக்கிறதென்று வந்து சொன்னதே அந்தம்மாதான். "நாலு வீட்டுக்குப் பரவிடக் கூடாதே சார்." உண்மை சொன்னதற்குக் கூலி, கதவில் சிவப்பு மை. துணி கொடுத்தவர்கள் அதைத் தைக்காமலேயே திருப்பி வாங்கிப் போனார்கள், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு.

இன்று பூச்சி மருந்துக்காரர் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செயலாளரும் உடன் போனார், தீர்ப்பைக் காதால் கேட்க. மருந்துக்காரர் டார்ச்சை அடித்து, ஒரு பழைய அட்டையால் மெத்தையின் தையலையும் கட்டில் இடுக்கையும் நெருடிப் பார்த்தார். துணிக்குவியலை ஒவ்வொன்றாக உதறினார்.

"மெத்தையில இல்ல. துணியிலயும் இல்ல. அம்மா வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்காங்க. சுவத்துல, மேலருந்து குழாய் இறங்குற ஓட்டைகிட்ட மட்டும்தான் இருக்கு." டார்ச் வெளிச்சம் கூரைக்கு ஏறியது. "மேல யாரு சார்?"

"நான்தான்," என்றார் செயலாளர். கூட்டங்களில் ஒலிக்கும் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

மூவரும் மேலே ஏறினார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தாள். கூடத்து நடுவில், மெத்தை தைத்த அந்தப் பெரிய நாற்காலி. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க தாத்தா உட்கார்ந்து பஞ்சாயத்து பேசின நாற்காலி" என்று அவர் தடவிக்கொடுத்துச் சொல்வது. மருந்துக்காரருக்குத் தாத்தாமேல் மரியாதை கிடையாது. தலைகீழாகக் கவிழ்த்தார்.

தையல் ஓரமெல்லாம் பேனா முள்ளால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள். உரித்துப்போட்ட தோல்கள், உமிபோல. வெளிச்சம் பட்டதும் நாலைந்து அவசரமாக நகர்ந்தன.

"இதுதான் சார் தாய்வீடு. உங்களுக்குக் கடிச்ச தடமே தெரியலையா? வரிசையாத் தடிச்சிருக்குமே?"

செயலாளர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு மாதமாக அதற்கு அவர் வைத்திருந்த பெயர் உடம்புச் சூடு.

"இது எப்ப வீட்டுக்கு வந்துச்சு?"

"அது… பரம்பரை…"

"அப்ப பூச்சியும் பரம்பரைதான். சும்மா கேக்கல சார். வருஷக்கணக்கா இருந்தா சுவத்துக்குள்ள எல்லாம் குடியேறியிருக்கும். கீழ இந்த அம்மா வீட்டுச் சுவர், தரை எல்லாத்தையும் பேத்துப் பாக்கணும், ரெண்டு மாசம் தையல் மிஷின் ஓடாது. சமீபத்துல வந்ததுன்னா மருந்தோட போச்சு."

வாசலில் நின்ற தையல்காரம்மா செயலாளரின் வாயையே பார்த்தாள். மனைவியோ ஜன்னலைப் பார்த்தாள். ஒரு பக்கம் தாத்தாவின் கௌரவம், இன்னொரு பக்கம் இரண்டு மாதச் சோறு.

"நாலு மாசம்," என்றார். "அடுத்த தெருக் குப்பைத்தொட்டி பக்கத்துல கிடந்தது."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், எழுதிக்கணும்."

"குப்பைத்தொட்டி!"

"நல்லவேளை, தாத்தா தப்பிச்சாரு," என்றாள் மனைவி. "அவரு காலம் பூரா தரையிலதான் உக்காந்தாரு."

மருந்துக்காரர் எழுதிக்கொண்டே, "வீசிட்டுப் போன மெத்தைச் சாமானை எடுக்கவே கூடாது சார். எடுத்தா, உள்ள கொண்டு வர்றதுக்கு முன்னாடி தையலைப் பிரிச்சுப் பாக்கணும். நீங்களா மருந்து ஏதாவது அடிச்சீங்களா?"

"ஒரு டப்பா. போன மாசம். கதவை மூடிட்டு." யாருக்கும் வாசனை தெரியக் கூடாதென்றுதான் மூடினார், அதை மட்டும் சொல்லவில்லை.

"அதுல சாகிறது பாதி. மீதி ஓட்டை வழியா வீடு மாறிடும்."

"அப்ப எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சது நீங்கதானா சார்?" என்றாள் தையல்காரம்மா. கத்தியிருந்தால் தேவலை. சட்டைக்குக் காஜா எத்தனை வைக்கணும் என்று கேட்பதுபோல அத்தனை சாதாரணமாகக் கேட்டாள்.

செயலாளர் படியிறங்கினார். நேரே அவள் கதவுக்கு. காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிள்ளினார். வரவில்லை. நல்ல பசை, பார்த்துப் பார்த்து வாங்கியது. சுரண்டினார். "சுத்தமின்மையே" நார்நாராக வந்தது. மேலே ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் நின்று, "என்ன சார், புதுச் சுற்றறிக்கையா?" என்றார்.

"இல்ல. பழசு. தப்பா ஒட்டிட்டேன். என் வீட்டுக் கதவுல ஒட்ட வேண்டியது."

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பதா நகர்வதா என்று தெரியவில்லை. நகர்ந்தார், சுவரோரமாக.

பின்னாலேயே இறங்கி வந்த தையல்காரம்மா உள்ளே போய், தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். "நகம் பிஞ்சிடும். ஓரத்துலருந்து மெதுவா வாங்க." அவர் கை நீட்டினார். அவள் அதைக் கையில் கொடுக்கவில்லை. நிலைப்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

காகிதத்தில் மிச்சமிருந்த "விலகி நிற்கவும்" சொன்னபடிதான் நின்றாள். செயலாளர் குனிந்து கத்தியை எடுத்தார். முழங்கை அரித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் சொறியவில்லை.